அறுபது மீட்டர் கூடுதல்

வட ஐஸ்லாந்தில் எங்கள் ஊர் நீச்சல் குளம்,
அதன் ஓரத்து வெந்நீர்த் தொட்டி.
கழுத்தளவு நீரில் ஐந்து பேர்.
ஜனவரி. காலை ஏழு மணி.
விடிய இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது,
ஆகவே யார் மேதை என்று பேசலாம்.

சதுரங்கம்தான், என்கிறான் வங்கிக்கார இங்வார்.
இருபது நகர்வு முன்னால் பார்ப்பவன் மேதை.
அப்படி ஒருத்தனை எனக்குத் தெரியும்,
பெண்டாட்டி பெட்டி கட்டியதை மட்டும் பார்க்கவில்லை,
என்கிறாள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பெர்க்தோரா.
முடி உறைந்து விறைத்து நிற்கிறது அவளுக்கு.
அவளுடைய மேதை,
தப்பான சுரத்தில் விரல் பட்டதும்
அதையே இன்னொரு முறை, இன்னும் சத்தமாக வாசிப்பவர்.
இரண்டாம் முறை கேட்கையில் அது தப்பில்லையாம்.

ஃபின்போகி முப்பது வருஷம் மீன்பிடிக் கப்பலில்.
சதுரங்கம், சங்கீதம் எல்லாம் அவருக்குக் கரைச் சமாச்சாரம்.
ஏழு நாள் புயலில்
ஒரு சொட்டு சூப் சிந்தாமல் பரிமாறிய
சமையல்காரனைச் சொன்னார்.
எப்படி?
பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவான்.
சிரித்ததில் வாய்க்குள் தண்ணீர் போனது.
பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

என்னைக் கேட்டார்கள்.
எனக்கு மேதாவிகளைத்தான் அதிகம் தெரியும்,
நகராட்சியில் வேலை.
பழைய கோப்புகளை அடுக்கும்போது ஒரு பில் கிடைத்தது,
எழுபத்து நாலாம் வருஷத்தது:
குழாய், அறுபது மீட்டர் கூடுதல்.
காரணம் என்ற கட்டம் காலி.
இந்தத் தொட்டியின் கழிவுநீர்
நேரே கடலுக்குப் போயிருக்கலாம்.
போகவில்லை.
வளைந்து, பள்ளிக்கூடச் சரிவின் அடியில் ஊர்ந்து
அப்புறம்தான் போகிறது.
ஐம்பது குளிர்காலமாக அந்தச் சரிவில் பனி உறைந்ததில்லை.
ஒரு பிள்ளையும் கையை ஒடித்துக்கொண்டதில்லை.
சரி, ஒருத்தி. அவள் சைக்கிளில் போனவள்.

மண்ணாங்கட்டி, என்றார் ஃபின்போகி.
அன்றைக்கு தோர்லாகுர் நல்ல போதை,
வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.
இருக்கட்டுமே, என்றாள் பெர்க்தோரா,
அறுபது மீட்டர் நீளத் தப்பான சுரம்.
போதையில் செய்தது கணக்கில் வராது, என்றான் இங்வார்.
கை தூக்கினோம், குளிரில் சீக்கிரம் இறக்கினோம்.
இரண்டுக்கு இரண்டு.

ஐந்தாவது ஆள் தோர்லாகுர்.
காது மெஷினை லாக்கரில் கழற்றி வைத்துவிட்டு வருபவர்.
எங்கள் வாய்கள் அசைவதை
வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.
எழுந்தபோது உடம்பெல்லாம் ஆவி பறந்தது.
எதற்கு இவ்வளவு சண்டை? என்று கேட்டார்.

மீன் விலை!
அவர் காதருகே கத்தினாள் பெர்க்தோரா.

ஏறுமா? என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல் போனார்.

சற்றுப் பொறுத்து வேலிக்கு அப்பால்,
விளக்குக் கம்பத்துக்குக் கீழே,
கோட்டும் ரப்பர் செருப்புமாய்
சரிவில் இறங்குவது தெரிந்தது.
குனிந்து பார்த்துக் கால் வைக்கவில்லை.