கப்பலுக்கு ஒரு கானா

நாங்கள் ஆறு பேர்.
காசிமேட்டில், ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
டெல்ஃபின் வீட்டு மொட்டைமாடி.
இரண்டாம் சனிக்கிழமை, ராத்திரி எட்டு மணி.
கேரம் போர்டைக் கவிழ்த்தால் டோலக்கு.
ரெண்டு கட்டை உடைந்த புல்புல்தாரா ஒன்று,
வாசிப்பது முபீனா. பகலில் ஜெராக்ஸ் கடை.

யாரும் போகாத இடங்களுக்கெல்லாம்
எங்களிடம் பாட்டு இருக்கிறது.
செவ்வாயில் தண்ணி லாரி வராத கிழமைக்கு ஒன்று.
டிராகனைக் குட்டியானையில் ஏற்றி
மூலக்கடைப் பாலத்தில் மாட்டிக்கொண்டவனுக்கு ஒன்று.
காலத்தைப் பின்னால் ஓட்டும் மெஷினில் ஏறியும்
வேலைக்கு லேட்டாகவே போகும் கஜபதிக்கு,
அவனே எழுதிக்கொண்டது, ஒன்று.
மெட்டு மட்டும் தெருவுடையது.
கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஓடித் தேய்ந்தது,
வியாழன் கிரகம் வரைக்கும் தாங்கும்.

அன்றைக்கு ஏகவல்லி பாடினாள்.
மூன்று வருஷமாக நாங்கள் படித்துவந்த தொடர்கதையில்
அந்த வாரம்தான் கப்பல் செத்துப்போயிருந்தது.
விண்கப்பல். பெயர் வெண்காந்தள்.
நாற்பது பேரைச் சின்னப் படகுகளில் இறக்கிவிட்டு
சனியின் வளையத்துக்குள் தனியாகப் போனது.
கடைசியாக அது கேட்டது,
‘எல்லாரும் இறங்கியாச்சா?’
உள்ளே பதில் சொல்ல ஆள் இல்லை.
அதுதான் பதில்.

ஏகவல்லிக்கு மரண கானா மட்டும்தான் வரும்.
அவள் அண்ணன் சாவுக்குப் பாட வந்தவர்கள்
விடிய விடியப் பாடியது காதிலேயே நின்றுவிட்டது.
மற்ற எதிலும் சுருதி சேராது.
நான் கேரம் போர்டில் மெதுவாகப் பிடித்தேன்.

   ‘இரும்புல பொறந்தவளே, எண்ணெயில குளிச்சவளே,
   எல்லாரையும் எறக்கிவுட்ட, உன்ன எறக்க யாருமில்ல…’

மூன்றாவது அடிக்கு முன்னால்
படிக்கட்டில் செருப்புச் சத்தம்.
பக்கத்துச் சந்து மரியான், விசைப்படகு டிரைவர்.
லுங்கியை இறக்கிவிட்டபடியே கேட்டார்,
‘யாரு போயிட்டாங்க? எனக்குச் சேதியே வர்ல.’

டெல்ஃபின் என்னைப் பார்த்தான்.
நான் முபீனாவைப் பார்த்தேன்.
பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது.
ஏகவல்லி சொல்லிவிட்டாள்: ‘கப்பல்ணே.’
‘எந்தக் கப்பலு?’
‘கதையில வர்றது.’

திட்டுவார், இல்லாவிட்டால் சிரிப்பார்.
எதற்கும் இருக்கட்டும் என்று
கேரம் போர்டை மடியோடு சேர்த்துக்கொண்டேன்.

‘எத்தினி பேரு உள்ள?’
‘நாப்பது.’
‘கரை சேந்தாங்களா?’
‘எல்லாரும்.’

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள்
நின்று நின்று நகர்ந்தன.
அவர் கொஞ்ச நேரம் கடல் பக்கமே பார்த்தார்.
பிறகு சட்டைப் பையிலிருந்து
செதில் ஒட்டிய இருபது ரூபாய் எடுத்து,
ஏகவல்லி துப்பட்டாவில் குத்த
ஊசி தேடினார். இல்லை.
முபீனா தன் முக்காட்டிலிருந்து ஒன்றைக் கழற்றினாள்.

‘மொதல்லேர்ந்து பாடு.
பேரே வர்லியே பாட்டுல.
இன்னா பேரு அதுக்கு?’

சொன்னாள்.
பாடிப் பார்த்தாள். மெட்டில் உட்காரவில்லை,
வெண்காந்தள், கொஞ்சம் நீளம்.
நான் ஒரு தட்டு கூடப் போட்டு
இடம் பண்ணினேன்.