ஈரக் கழிவு

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருவான்.
எக்ஸலின் பின்னால் மடித்துக் கட்டிய
ஷீட்டு முப்பது, முப்பத்தைந்து.
மழை பிடித்துவிட்டால் அதிலும் பாதி.

பனச்சமூட்டில் இந்தப் பக்கம் என் கடை.
ரோட்டைத் தாண்டினால் கேரளம்.
அங்கே கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதல்,
கட்டஞ்சாயாவும் கொடுப்பார்கள்.

கடைப் பலகையில் இன்னும்
‘ஜெஸ்டஸ் ரப்பர்ஸ்’ என்றுதான் இருக்கிறது.
ஜெஸ்டஸ் இல்லை.
களியக்காவிளை வளைவில்,
இந்த ராசலையன் ஓட்டிவந்த டெம்போவுக்கு அடியில்,
ஒரு டிசம்பர் விடியலில்.
சாட்சி சொல்ல வந்த சாயாக்கடைக்காரர்
கோர்ட்டுக் கூண்டில் நின்று
தன் கண்ணையே சந்தேகப்பட்டார்.
பனி என்றார்.
அத்தோடு தீர்ந்தது வழக்கு.

முதல் தடவை ஷீட்டைக் கொண்டு இறக்கியபோது
அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை,
நான் அவன் கையைப் பார்த்தேன்.
பால் உறைந்து கறுத்த விரல்கள்.
ஸ்டியரிங் பிடித்த விரல்கள்.
தராசில் இருபத்தேழு கிலோ காட்டியது.
‘ஈரம் உண்டு’ என்று நாலு கிலோ கழித்தேன்.
ஒரு கிலோதான் வழக்கம்.
மரம் வெட்டுகிறவனுக்குத் தெரியாதா?
‘செரி’ என்றான்,
கொடுத்ததை எண்ணாமல் மடித்துச் சட்டையில் வைத்தான்.

ராத்திரி மரச்சீனி வேகிறது,
நான் பேரேட்டில் கூட்டுகிறேன்.
கூடுதலாய்க் கழித்த மூன்று கிலோ,
ஐந்நூற்றுப் பதினாறு ரூபாய்.
பேனா அப்படியே நின்றது.
ஜெஸ்டஸுக்கு நான்
விலை போட்டுவிட்டேன்.

மரச்சீனி அடிப்பிடித்தது.

பரமண்டல ஜெபத்தில்
கடன் வருகிற இடத்தில் எனக்கு இருமல் வரும்.
மூன்று வருஷமாய் அப்படித்தான்.
பக்கத்தில் கனகபாய் கண்ணைத் திறக்காமலே
ஒரு ஹால்ஸை நீட்டுவாள்.
பாவம், என் நெஞ்சில் சளி என்று
அவள் தனியே வேறு ஜெபிக்கிறாளாம்.
அந்த ஞாயிறும் இருமினேன்,
மிட்டாய் தீரும் மட்டும் இருமினேன்.

அடுத்த சனிக்கிழமை
ஐந்நூற்றுப் பதினாறைத் தனியாக எடுத்து வைத்தேன்.
‘போன ஆழ்ச்சைக் கணக்கு தெற்றிப் போச்சு.’
அவன் வாங்கிக்கொண்டான்.
கை நடுங்கியது.
யார் கை என்று இப்போது நினைவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.
அவன் வண்டிச் சத்தம் கேட்டால்
இன்றும் அடிவயிறு சுருங்குகிறது.
அவன் மகளுக்கு ப்ளஸ் டூவில் நல்ல மார்க் என்று கேட்ட அன்று
ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.
பெண்கள் ஐக்கிய சங்கத்தில்
சாட்சி சொல்லச் சொன்னார் போதகர்.
என்ன சொல்ல?
என் தராசு நேரே நிற்கிறது,
நான்தான் இன்னும் சாய்ந்து நிற்கிறேன் என்றா?
பனி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.
காபி போட ஆளில்லை என்று
அடுக்களைப் பக்கம் போய்விட்டேன்.

இந்த ஆடியில்தான் ஒன்று உறைத்தது.
கொட்டுகிற மழை. ரோட்டுக்கு அந்தப் பக்கம்
கடைகளில் சிம்னி போல மஞ்சள் வெளிச்சம்.
பத்தே ஷீட்டு அவனிடம்,
அதையும் சாக்கில் பொதிந்து
நனைந்து நின்றான்.
ஒரு ரூபாய் கூடுதல் கிடைக்கும் பக்கம்
பத்தடியில் இருக்கிறது.
நாலு வருஷமாய் ஏன் இங்கே வருகிறான்?
ஒரு வருஷத்தில் ஆயிரத்துச் சொச்சம்,
நாலு வருஷத்தில்...
கூட்ட ஆரம்பித்து நிறுத்தினேன்.
அது அவன் பேரேடு.

ஷீட்டைத் தராசில் போட்டேன்.
ஒன்பதரை.
ஈரத்துக்கு முன்னூற்றைம்பது கிராம் கழித்தேன்,
எல்லாரிடமும் கழிப்பதுதான்.
ஒரு கிராம் கூடவும் இல்லை,
இரக்கப்பட்டு ஒரு கிராம் குறைக்கவும் இல்லை.
நோட்டுகளைக் காயவைத்த துணியில் சுற்றி
நீட்டினேன்.
வழக்கம்போல மடிக்கப் போனான்.

அவனிடம் முதன்முதலாக
கணக்குக்கு வெளியே ஒரு வார்த்தை சொன்னேன்,
அதுவும் கணக்கு வார்த்தைதான்:

‘எண்ணிப் பாரும்.’