சுமைகூலி

சீட்டில் பிராங்க்ஃபர்ட் என்றுதான் போட்டிருக்கும்.
இறங்கினால் ஹான்; மூடுபனி, ஊசியிலைக் காடு.
"நகரம் எங்கே?" என்று என்னிடம் கேட்பார்கள்.
நான் கைநீட்டும் திசையில்
ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருக்கும்.
பேருந்தில் இரண்டு மணி நேரம்.
பறந்து வந்ததற்குப் பன்னிரண்டு யூரோ,
உருண்டு போவதற்குப் பத்தொன்பது.

ஆறாம் வாசலில்
ஓர் இரும்புக் கூண்டுக்கு நான் காவல்.
பை அதற்குள் அடங்கினால் ஏறலாம்.
அடங்காவிட்டால் ஐம்பத்தைந்து.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்:
சொன்னவர் யாரோ
இந்த வரிசையில் நின்றிருக்கிறார்.

என் பெயர் சிவகாமசுந்தரி.
சட்டைப் பட்டையில் "சிவா" வரைதான் இடம் இருந்தது.

கார்த்திகையில் ஒருநாள்
ரீகாவுக்குப் போகும் ஒருவர்
பையைத் திறந்து மூன்று கோட்டுகளையும் எடுத்து
ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார்.
காலுறைகளைச் சட்டைப்பைகளில் திணித்தார்.
பை இளைத்தது. அவர் பெருத்தார்.
ஆளை அளக்க விதி இல்லை.
ஹைக்கே சிரிப்பை அடக்க முடியாமல்
கணினிக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

அப்போது பச்சைவால் விமானத்துக்கும் ஊதாவாலுக்கும் போட்டி.
எதிரெதிர் ஜவுளிக்கடைகளின் ஆடித் தள்ளுபடிபோல
இவன் பத்தொன்பது என்றால் அவன் பதினைந்து.
ஒன்பது தொண்ணூற்றொன்பதில் வந்து நின்ற வாரம்
எங்கள் ஷிப்டில் ஓர் ஆளைக் குறைத்தார்கள்.
ஹைக்கேயின் நாற்காலியையும் எடுத்துவிட்டார்கள்,
உட்கார நேரமில்லை என்று.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
பச்சைவால் வரவில்லை.
பலகையில் ஊர் இருந்தது, நேரம் இல்லை.
நூற்றெழுபது பேர்
என் முகத்தில் நேரம் தேடினார்கள்.
அன்று மாலையே, அதே ரீகாவுக்கு,
ஊதாவால்: நூற்று எண்பத்தொன்பது.

கூண்டில் இருந்த பச்சை ஸ்டிக்கரைச்
சுரண்டச் சொன்னார்கள்.
நகத்துக்கடியில் மஞ்சள் வந்தது,
அதற்கும் கீழே ஒரு நீலம்,
எனக்கு முன்னால் இங்கே நின்ற
யாரோ ஒருத்தி ஒட்டியது.
ஊதாவை ஒட்டினேன்.
உள்ளே ஒரு தகட்டைச் செருகிப் போனார்கள்,
இனி இரண்டு சென்டிமீட்டர் குறைவு.

இன்று அந்த ரீகாக்காரர் மறுபடியும் வந்திருக்கிறார்.
ஜூன் மாதம்; கண்ணாடிக்கு வெளியே
தார் உருகுகிறது.
நெற்றியில் வியர்வையோடு என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார்.
நான் கூண்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டு
அவருடைய நான்காவது கோட்டைப்
பார்க்காமல் நிற்கிறேன்.