ஒட்டிக்கொண்ட கட்டை

தொப்பூர் இறக்கத்தில்
இரட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
மாசிக் கடைசியில் ஒரு விடியக்காலை.
கருங்கல் ஏற்றிய லாரிக்கும்
தக்காளி லாரிக்கும் நடுவில்
ஒரு வெள்ளைக் கார்.

அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.
கிரேன் ஓட்டுகிறவன் நான்.
தூக்குவது என் வேலை,
சொல்வது போலீஸ் வேலை.

ஆனால் அந்த ஆரன்.
நிற்கவே இல்லை.
உள்ளே யாரும் அதை அழுத்தவில்லை,
அழுத்த யாரும் மிச்சமில்லை.
பேட்டரி ஒயரை எட்டி நான் வெட்டும்வரை
இருபது நிமிஷம் ஒரே குரல்,
ஏறாமல், இறங்காமல்.

வெட்டினேன்.
ரோடு அடங்கியது.
காதுக்குள் அடங்கவில்லை.

இருபத்தோரு நாள்.
சோற்றில் கை வைத்தால் அது.
தலை சாய்த்தால் தலையணைக்கு அடியில் அது.
தருமபுரி பெரியாஸ்பத்திரியில்
விளக்கடித்துப் பார்த்துவிட்டு
"உள்ள ஒண்ணுமில்ல மாதையன்" என்றார்கள்.
அந்த ஒண்ணுமில்லாததுதான் கத்துகிறது என்று
எப்படிச் சொல்ல?
பச்சியம்மா முனியப்பனுக்குக் கோழி நேர்ந்தாள்.
நான் குவாட்டர் வாங்கினேன்.
போதையிலும் அதே குரல்,
கொஞ்சம் குழறலாக.

பங்குனி வெயிலில்
கிரேனின் ரேடியேட்டர் கொதித்த அன்று
கேனைத் தூக்கிக்கொண்டு
சாலையோரச் சர்ச்சுக்குத் தண்ணீர் கேட்டுப் போனேன்.
எங்கள் சாமி இல்லை.
குழாய் எல்லாருக்கும்தானே.

உள்ளே ஏழெட்டுப் பேர்
ஈஸ்டருக்குப் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.
மின்வாரியத்தில் கணக்கெழுதும் இருதயநாதன்
ஆர்மோனியத்தில்.
துருத்தியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

திடீரென்று ஒரு கட்டை
அழுந்தியது, எழவில்லை.
விரலை எடுத்த பிறகும்
ஒரே குரல்.
ஏறாமல், இறங்காமல்.

அதேதான்.
அதே அளவு, அதே கூர்.
கேன் கைநழுவிப் படியில் உருண்டது.
ஓடியிருக்க வேண்டும் நான்.
கால் வரவில்லை.

ஒரு பெண் சிரித்தாள்,
"சேலத்துக்கு அனுப்பித்தான் சரி பண்ணணும் சார்."
அவர் நகத்தால் நெம்பிப் பார்த்தார்,
வாயால் ஊதிப் பார்த்தார்,
விட்டுவிட்டார்.
"கத்தட்டும். அதையே சுருதியா வச்சுக்கலாம்.
மறுபடி, மொதல்லேருந்து."

வைத்துக்கொண்டார்கள்.
என்னைத் தூங்கவிடாத அந்த ஒற்றைக் குரலின் மேல்
ஏழு குரலும் கொக்கி மாட்டி
மெல்ல எதையோ மேலே எடுத்தன.
சங்கிலி கிறீச்சிடவில்லை.
எதுவும் நசுங்கவில்லை.

மூன்றாம் வரியில்
மீசை அரும்பிய பையன் ஒருவனுக்குத் தொண்டை உடைந்தது.
மறுபடி, மொதல்லேருந்து.
பதினொரு தடவை எண்ணினேன்.
அவன் பதினோராவதிலும் பிசகினான்.

வார்த்தை எதுவும் பிடிபடவில்லை எனக்கு.
வரி முடிகிற இடமெல்லாம்
'ரே', 'ரே' என்று கேட்டது.
யாரைக் கூப்பிட்டார்களோ.
காருக்குள் இருந்தவர்களும்
யாரையாவது கூப்பிட்டிருப்பார்கள்.
கேட்டிருக்காது,
ஆரன்.

குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
முகமெல்லாம் ஈரம்.
குழாயை இன்னும் நான் திறக்கவே இல்லை.

அன்றிரவு இரண்டு தட்டுச் சோறு தின்றேன்.
"போயிருச்சா?" என்றாள் பச்சியம்மா.
போகவில்லை.
இருக்கிறது.
முன்பு அது தனியாக நின்று கத்தியது,
இப்போது துணைக்கு ஆள் இருக்கிறது.
அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது.
அவளுக்கு விளங்கவில்லை,
குழம்பு ஊற்றினாள்.

ராத்திரி இரண்டரைக்குச் சுங்கச்சாவடியிலிருந்து போன்.
கணவாயில் ஏதோ கவிழ்ந்திருக்கிறதாம்.
இரண்டாம் கியரில் இறங்குகிறேன்.
முதல் வளைவிலேயே
காதுக்குள் அது தொடங்குகிறது.
தொடங்கட்டும்.
தொண்டையைச் செருமிக்கொள்கிறேன்.
பாட்டு வராது எனக்கு.
அந்தப் பையன் பிசகுகிற இடத்திலேயே
நானும் பிசகி,
மறுபடி தொடங்குகிறேன்.

முன்னால் ஒரு லாரி போகிறது.
பிரேக் விளக்கு எரிகிறது,
நல்லவேளை.