லோரி வராத பதினேழு விநாடி

பஹாவில், செம்பனை ஆலையின் எடைமேடை அறையில்
ஞாயிறு என்றால் லோரி குறைவு, அவ்வளவுதான்.
ரசீதுப் புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டு
அதன் சாம்பல் அட்டைமேல் காசை வைக்கிறேன்.
சதுரக் காசு. செம்பு.
முனையெல்லாம் தேய்ந்தும் ராஜாவின் காது மட்டும் தேயவில்லை.

பழைய இரும்புக் கடை ஆ ஹொக்கிடம்
பால்மாவு டின்னோடு முப்பது வெள்ளிக்கு வாங்கியது.
டின்னுக்கே இரண்டு வெள்ளி போட்டிருப்பான்.

முதலில் போன்.
போன் குனிந்தால் அதன் நிழலும் குனிகிறது,
ராஜாவின் முகத்தில் கறுப்பாய் ஒரு செவ்வகம்.
ஒதுக்கிப் பிடித்தால் ஜன்னல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.
இன்னும் நெருங்கினால்
சதுரம் வயிறு தள்ளுகிறது.
ஆனாலும் எடுத்துவிடும்.
எடுத்தபின் தானாகவே ஏதோ செய்யும்,
கல்யாண ஆல்பத்தில் என் முகத்துக்குச் செய்தார்களே, அது மாதிரி.
கீறலைத் தடவி, பச்சையைத் துடைத்து,
செம்பைப் பொன்னுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி.
நான் கேட்கவில்லை.
அதுவும் என்னைக் கேட்கவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான்
தைப்பிங்கிலிருந்து யோகராசா என்று ஒருவர்
நூற்றெண்பது என்றார்.
"இன்னும் கிட்டத்தில் ஒரு படம் இருந்தால் அனுப்புங்களேன்."

தவசீலனிடம் கேமரா இரவல்.
ஆடி மாதம், கல்யாணம் இல்லை, கொடுத்தான்;
கிட்டப் பார்க்கும் லென்சும்
கூடவே நாலு எச்சரிக்கையும்.
முக்காலி. இரண்டு விநாடித் தாமதம்,
பொத்தானை அழுத்தும் விரலே ஒரு நடுக்கமாம்.
ரொட்டி சுற்றி வந்த எண்ணெய்த்தாளை
விளக்குக்கு முக்காடு போட்டேன்.
எல்லாம் சரி. அப்போது
குலை நிறைந்த லோரி ஒன்று மேடையில் ஏறுகிறது.
மேசை, சுவர், தேநீர், எல்லாம் ம்ம் என்கின்றன.
ராஜா கலங்கிப்போகிறார்.

ரசீது வாங்க வந்த நவமணி எட்டிப் பார்க்கிறான்.
"இந்தக் காசுக்கா இவ்வளவு பெரிய கேமரா?
போன்ல எடுத்தா போதாதாக்கா?"
போதும் என்றேன்.
அதுதான் சிக்கல்.

போனுக்கு லோரி ஒரு பொருட்டில்லை.
நடுக்கத்தை அப்படியே விழுங்கிக்கொள்ளும்.
கேமராவுக்கு உலகம் நிற்க வேண்டும்.

பதினேழு விநாடி நின்றது.
நவமணி குலை கொட்டப் போய்,
அடுத்தவன் வளைவில் திரும்பாத பதினேழு விநாடி.

படத்தைப் பெரிதாக்கினேன்.
கிரீடத்துக்கு மேலே ஒரு வட்டம்.
வெறுங்கண்ணுக்கு அழுக்கென்றுதான் பட்டிருந்தது.
சுற்றிலும் செம்பின் பழுப்பு,
வட்டத்துக்குள் ஈயத்தின் சாம்பல்.
யாரோ துளை போட்டிருக்கிறார்கள்.
வேறு யாரோ அடைத்திருக்கிறார்கள்.
நடுவில் அது
ஒரு பிள்ளையின் அரைஞாணில் ஆடியிருக்கலாம்,
சாவிக்கொத்தில் கிடந்திருக்கலாம்,
சும்மா ஓர் ஆணியில் தொங்கியிருக்கலாம்.
கேமராவுக்கு அதெல்லாம் தெரியாது.
துளை தெரியும்.

போன் படத்தில் அதே இடத்தைத் தேடினேன்.
வழுவழுவென்று இருந்தது,
அங்கே எந்த நாளும் எதுவும் நடக்காதது போல.

ஏழு வருடமாக ஒவ்வொரு லோரியையும் இரண்டு தடவை நிறுக்கிறேன்.
குலையோடு ஒருமுறை, வெறுமையாக ஒருமுறை.
கழித்து வருவதற்குத்தான் பணம்.
சிலர் தண்ணீர் டிரம்மோடு உள்ளே வந்து
வெளியே போகுமுன் கொட்டிவிடுவார்கள்.
தரையின் ஈரத்தைக் காட்டிச் சண்டை போட்டிருக்கிறேன்.
நூற்றெண்பது வெள்ளி
மகளின் பள்ளி வேனுக்கு ஒன்றரை மாதம்.

இரண்டு படத்தையும் யோகராசாவுக்கு அனுப்பினேன்.
எதை எதால் எடுத்தேன் என்று எழுதவில்லை.
வட்டத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு கோடு மட்டும்.

நீலக் குறி விழுந்தது.
வெகுநேரம் அது மட்டும்தான்.
பிறகு:
"பதினைந்து தருகிறேன்.
முதல் படம் ரொம்ப அழகு. அதை நான் வைத்துக்கொள்ளலாமா?"

ஹாரன்.
நவமணி வெறும் லோரியோடு மேடையில் ஏறுகிறான்.
இந்தத் தடவை மேசை அவ்வளவாக நடுங்கவில்லை.