நூற்றொன்று

மொய்க் கணக்கா மேடம், என்றார் முனிரத்தினம்.
திரையில் நூறை அழித்துவிட்டு
நூற்றொன்று என்று அடித்திருந்தேன்.
விளக்கிச் சொல்ல நேரமில்லை.
வெளியே காவேரிப்பட்டணம் சாலை முட்டும்வரை
பெங்களூரா காய் வெயிலில் நின்றிருந்தது.

எடைமேடையின் மூளை கையகலம்.
அதில் நூறு அறை வைத்தது நான்தான்,
மார்ச் மாதத்தில், ஏசியில் உட்கார்ந்து,
நூறு பார்க்க நன்றாக இருக்கிறதே என்று.
டோக்கன் எண்ணை நூறால் வகு.
மீதி எதுவோ அந்த அறையில் போடு.
தேடும்போதும் அதே மீதி, அதே கதவு,
ஒரே தட்டு.

இங்கே லாரிக்கு லாரி
இருபது விட்டு எண் போடுவார்கள் என்று
எவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
சந்தூரில் கொஞ்சம், ஜெகதேவியில் கொஞ்சம் என்று
ஒரே வண்டியில் பல தோட்டத்துக் காய் வரும்;
சண்டை வந்தால் பிரித்து எழுத
நடுவில் பத்தொன்பது எண் காலியாக வேண்டும்.
சண்டை வருவதே இல்லை என்பது வேறு கதை.

இருபது, நாற்பது, அறுபது, எண்பது, நூறு.
நூற்றிருபது மறுபடி இருபதில்.
நூற்று நாற்பது மறுபடி நாற்பதில்.
ஜூன் பாதியில் நாலாயிரம் லாரி,
ஐந்தே அறை,
அறைக்கு எண்ணூறு சீட்டு.
மிச்சத் தொண்ணூற்றைந்தும்
வெள்ளையடித்துக் குடிவராத வீடுகள்.

விடியற்காலை மூன்று மணிக்கு வந்த மாதப்பன்
கண்ணாடியைத் தட்டினார்.
கம்ப்யூட்டர் தூங்குதாக்கா?
தூங்கவில்லை. எண்ணூறு சீட்டை
முதலிலிருந்து புரட்டிக்கொண்டிருக்கிறது
என்றா சொல்வது?
அவர் வண்டியின் அடித்தட்டிலிருந்து
மஞ்சளாக ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது,
ஈக்கள் அதற்குள் வரிசை கட்டிவிட்டன.

பகா எண் என்று பள்ளியில் எழுதியிருக்கிறோம்.
பெயரே கஞ்சன் பெயர்.
பாதி கேட்டால் தராது,
ஐந்தில் ஒன்று கேட்டால் தராது.
நூறு அப்படியில்லை, நூறுக்கு ஊரெல்லாம் சொந்தம்:
இரண்டு, நாலு, ஐந்து, பத்து, இருபது,
இருபத்தைந்து, ஐம்பது.
பந்தியில் அதைப் பரிமாற விட்டால்
சொந்தக்காரன் இலையில்தான் வடை விழும்.
இந்தப் பந்தியில் யாரையுமே தெரியாத ஒருவன்
வாளியைத் தூக்கட்டும் என்றுதான்
நூற்றொன்று.

முதல் ஐந்தும் பழைய இடத்துக்கே போயின.
எனக்கு வயிறு பிசைந்தது.
நூற்றிருபது பத்தொன்பதில் விழுந்தது.
அடுத்தது முப்பத்தொன்பதில்,
ஐம்பத்தொன்பதில்,
எழுபத்தொன்பதில்,
தொண்ணூற்றொன்பதில்.
பிறகு பதினெட்டு.
ஐந்து லாரிக்கு ஒருமுறை ஓர் அடி பின்வாங்கி
ஒவ்வொரு கதவாக, அவசரமில்லாமல்,
பதினேழு, பதினாறு,
எந்த வீட்டையும் விடாமல்
தபால்காரர் போலப் போய்க்கொண்டிருந்தது.
அறைக்கு நாற்பது சீட்டு. அவ்வளவுதான்.

நாலே முக்காலுக்கு முதல் வண்டி நகர்ந்தது.
மாதப்பன் ஹாரன்கூட அடிக்கவில்லை,
கையை மட்டும் வெளியே நீட்டிப் போனார்.

முனிரத்தினத்துக்கு உற்சாகம்.
அடுத்த வருஷம் ஆயிரத்தொன்று வச்சிடலாம்,
ராசியான நம்பர்.
வேண்டாம் சார்.
ஏழு, பதினொன்று, பதிமூன்று,
மூன்று பேர் அதற்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்.
அப்புறம்?
ஆயிரத்தொன்பது.
ஒன்பதில் முடியுதே என்று முகம் சுளித்தார்.
மகள் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல
காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

கிளம்பும்போதுதான் உறைத்தது.
நாளை எவனாவது மொய் ஞாபகத்தில்
நூற்றொன்று விட்டு நூற்றொன்றாக எண் போட்டால்
மொத்த மாங்காயும் பூஜ்ஜியம் அறையில்.
யாரையும் தெரியாதவனுக்கும்
ஒரே ஒரு உறவு உண்டு, அவனே அவனுக்கு.

எடைமேடைச் சுவரில் மார்க்கரால் எழுதினேன்:
நூற்றொன்று விட்டு எண் போடக் கூடாது.
ஏன் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.
மறுநாள் போனபோது
அந்த வரிக்குக் கீழே
யாரோ மஞ்சள் வைத்து
ஒரு பொட்டும் இட்டிருந்தார்கள்.