எடைக்கு எடுத்த ஆள்

தொண்ணூற்றாறு கிலோ.
அது ஒன்றைத்தான் கேட்டாள்.
நீச்சல் தெரியுமா, குமட்டுமா,
எந்தக் கயிறு எதற்கென்று தெரியுமா,
ஒன்றும் இல்லை.
பெல்லரீவில் கிளப் பாரில்
ராஸ் டன்னிக்ளிஃப் என்னை
சந்தையில் பூசணி பார்ப்பதுபோல் பார்த்து,
"சனி ஏழரைக்கு வா. கையுறை எடுத்து வா" என்றாள்.

ஒன்பது மணிக்குத் துப்பாக்கி.
டாஸ்மன் தீவைச் சுற்றித் திரும்ப வேண்டும்.
காற்று வரும் பக்கத்து விளிம்பில்
கால்களை வெளியே தொங்கவிட்டு ஐந்து பேர்.
படகு சாயும். நாங்கள் சாயக் கூடாது.
அவ்வளவுதான் உத்தியோகம்.
ஒவ்வொரு திருப்பத்துக்கும்
பாயின் அடியில் புகுந்து எதிர்விளிம்புக்கு ஓடுவது,
முட்டியைப் பெயர்த்துக்கொள்வது,
மறுபடி எடையாக இருப்பது.

தெற்கிலிருந்து வருவதற்கு
உங்கள் மொழியில் பேர் உண்டா என்று
ஹேமிஷ் கேட்டான்.
சொன்னேன்.
"தென்றல்" என்று வாயில் ஒருமுறை
உருட்டிப் பார்த்தான்.
அந்த நேரம் பார்த்து வந்தது,
பனிக்கண்டத்தில் புறப்பட்டு
வழியில் ஒரு மரத்தையும் தொடாமல்
முப்பத்தெட்டு நாட்.
சாண்ட்விச் பெட்டியை எடுத்துக்கொண்டு போனது.
என் இரண்டு கன்னத்திலும் அறைந்தது.
"அழகான பேர்" என்றான் ஹேமிஷ்
உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு.

தீவின் தூண்பாறைகளை மாலை நாலரைக்குச் சுற்றினோம்.
திரும்பி வரும்போது ஒன்பது, பத்து, ஒருமுறை பதின்மூன்று நாட்.
ராஸ் பாடினாள். ராகம் இல்லை, வேகம் இருந்தது.
இரவு பத்துக்கெல்லாம் பீர் என்று
எல்லோரும் கணக்குப் போட்டோம்.

ஆற்று முகத்தில் காற்று இறங்கிக்கொண்டது,
தன் நிறுத்தம் வந்த பயணிபோல.

டெர்வென்ட் ராத்திரி கடை அடைத்துவிடும்
என்று இங்கே சொல்வார்கள்.
பதினொரு மைல் பாக்கி.
இப்போது என்னை எதிர்ப்பக்கம் போய்
படுக்கச் சொன்னாள்.
பாய் தன் எடையாலாவது தொங்கி
ஒரு வடிவத்தில் நிற்க வேண்டுமாம்.
"தும்மாதே."
"நெஞ்சில் வைத்த கையை எடுக்காதே."
மல்லாந்து கிடந்தேன்.
நட்சத்திரங்கள்கூட எங்களை முந்திப் போயின.

டரூனா சரிவில் எங்கள் சமையலறை விளக்கு எரிந்தது.
அரசி செய்தி அனுப்பினாள்: எங்க இருக்கீங்க?
வீட்டுக்கு எதிர்ல.
அப்ப வாங்க.
முடியாது.
எவ்வளவு நேரம் ஆகும்?
காத்தைக் கேளு.
விளக்கு அணைந்தது.

ஒரு மணிக்கு நீரோட்டம் திரும்பி
எல்லாப் படகையும் கடலுக்கே தள்ளத் தொடங்கியது.
ராஸ் கிசுகிசுத்தாள்: நங்கூரம். சத்தம் கூடாது.
சங்கிலியைக் குழந்தையை இறக்குவதுபோல இறக்கினேன்.
பதினெட்டு மீட்டர்.
பாய் விரித்தபடியே நின்றோம்.
மற்றவர்கள் பின்னோக்கி, மெதுவாக,
ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு,
யாரோ கெட்ட வார்த்தை சொல்லும் சத்தம்.
நின்ற இடத்தில் நின்று
நாலு படகை முந்தினோம்.

மூன்றரைக்கு கன்னத்தில் ஏதோ பட்டது.
மூச்சோ என்று நினைத்தேன்.
பிறகுதான் நங்கூரத்தை இழு என்றாள்,
தொண்ணூற்றாறு கிலோவும் ஒருவழியாக
ஒரு வேலைக்கு ஆயிற்று.

நாலு ஐம்பத்திரண்டுக்குக் கோட்டைத் தாண்டினோம்.
நேரம் குறிக்கும் கிழவர் கம்பளிக்குள்ளிருந்து
குரல் மட்டும் கொடுத்தார்.
படகுக்குப் படகு கூட்டிக் கழித்துத்
திருத்திய நேரத்தில் ஆறாம் இடம்.
கதவு அடைக்கும் முன் வீடு சேர்ந்த
பெரிய படகுக்குக் கோப்பை.

வியாழன் வந்த கிளப் செய்தித்தாளில் எங்களுக்கு ஒரு வரி:
"ப்ளவர், ஆறாவது. ஆற்றில் காற்று குறைவு."
கீழே ராஸ் பேனாவில் எழுதியிருந்தாள்:
மார்ச் வரை இளைக்காதே.
அதே மேசையில் டாக்டரின் சீட்டு
பத்து கிலோ குறைக்கச் சொல்லிக் கிடந்தது.

அன்று இரவு அரசி இந்தப் பக்கம் புரண்டாள்.
தூக்கத்திலேயே எழுந்து
எதிர்விளிம்புக்குப் போய்ப் படுத்தேனாம்.